நித்திரையில் பல் நெறுமுதல்: பேராதனை விடுதி அறைகளில் கேட்கும் சத்தம்

நித்திரையில் பல் நெறுமுபவருக்கு அது தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். வீட்டில் இருந்தவரை அம்மாவோ, ஒரே அறையில் படுத்த சகோதரங்களோ அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் பேராதனைக்கு வந்து அக்பர் விடுதியிலோ ஹில்டா ஒபேசேகர விடுதியிலோ தங்கும் பிள்ளைக்கு இனி அதைச் சொல்ல வேண்டியவர் அறைத்தோழரே. ஆனால் அறைத்தோழர்கள் இதைப் பெரும்பாலும் பகிடியாக்கிவிட்டு விட்டுவிடுகிறார்கள். கண்டியிலும் கட்டம்பையிலும் தனியறை எடுத்துத் தங்குபவருக்கு அந்தப் பகிடியும் கிடைப்பதில்லை.

நம் ஊர்களில் இதற்குச் சொல்லப்படும் முதற்காரணம் வயிற்றுப் பூச்சி. பல் நெறுமும் பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுப்பது பல வீடுகளில் இன்றும் வழக்கம். பூச்சி இருந்தால் மருந்து எடுக்கத்தான் வேண்டும்; அது வேறு கதை. ஆனால் இருபது வயதைத் தாண்டிய ஒருவர் இரவில் பல் நெறுமுவதற்கான காரணத்தை வயிற்றில் தேடுவது வீண். தேட வேண்டிய இடம் நித்திரை.

ஆழ்ந்த நித்திரையில் பல் நெறுமுவது குறைவு. பெரும்பாலும் மெல்லிய நித்திரையில், அதுவும் மூளை சில விநாடிகள் விழிப்பை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பும் தருணங்களிலேயே இது நிகழ்கிறது. அப்போது முதலில் இதயத்துடிப்பு வேகமெடுக்கும், பிறகு தாடைத் தசைகள் இறுகும், அதன் பின்னரே பற்கள் உரசும். சத்தம் கடைசியில் வருவது. நித்திரை எத்தனை தடவை உடைகிறதோ, அத்தனைக்கு இதற்கு வாய்ப்பும் கூடுகிறது. உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் வெளியான கணக்கின்படி, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 13 சதவீதமானோர் நித்திரையில் அடிக்கடி பல் நெறுமுகிறார்கள். பகலில் தம்மையறியாமல் பல்லை இறுகக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் அதைவிட அதிகம்: 22 முதல் 31 சதவீதம் வரை.

2018 இல் இத்துறை நிபுணர்கள் கூடி எடுத்த முடிவொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வேறு குறைபாடில்லாத ஒருவர் பல் நெறுமுவதை நோய் என்று கொள்ளத் தேவையில்லை. அது தாடைத் தசையின் ஒரு செயல், சிலருக்குப் பாதிப்பைத் தரலாம், சிலருக்குத் தராது என்பதே அது. ஆகவே அறைத்தோழர் சொன்னதும் பயந்து ஓட வேண்டியதில்லை. பாதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பாதிப்பின் அடையாளங்களைப் பலர் வேறு எதற்கோ உரியவையாக எண்ணிக்கொள்கிறார்கள். காலையில் எழும்பும்போது தாடை விறைத்திருக்கும். நெற்றிப்பொட்டில் வலி இருக்கும். அதைப் படிப்புத் தலையிடி என்று நினைத்து பனடோல் போடுவார்கள். காதுக்கு முன்னால் வலிக்கும். காது வைத்தியரிடம் போவார்கள். ஹந்தானை அடிவாரத்தின் குளிர்ந்த காலைநேரத் தண்ணீரில் வாய் கொப்புளிக்கும்போது பல் கூசும்; பற்பசையை மாற்றுவார்கள். கண்ணாடியில் பார்த்தால் கோரைப்பற்களின் கூர் மழுங்கியிருக்கும், கன்னத்தின் உட்புறத்தில் பற்கள் சேரும் மட்டத்தில் வெள்ளைக் கோடொன்று ஓடும். பல்லின் மிளிரி நம் உடலிலேயே கடினமான பொருள். ஆனால் தேய்ந்தால் எலும்பைப் போலத் திரும்ப வளராது. நித்திரையில் பல் அழுந்தும் விசை, பகலில் ஒருவர் வேண்டுமென்றே கடிக்கக்கூடிய அதிகபட்ச விசையையும் சில வேளைகளில் மிஞ்சுவதுண்டு. இருபத்திரண்டு வயதில் மழுங்கும் பல்லுடன் இன்னும் ஐம்பது வருடம் சாப்பிட வேண்டியிருக்கிறது.

இனிப் பல்கலைக்கழக இரவுகளுக்கு வருவோம். 18 முதல் 25 வயது வரையானவர்களுக்கு 7 முதல் 9 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது பரிந்துரை. பரீட்சைக் காலத்தில் எந்த விடுதியில் அது நடக்கிறது? இரவிரவாகக் கூடியிருந்து ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பல்கலைக்கழகங்களில் ‘குப்பி’ என்கிறார்கள். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் கூடிப் படித்த காலத்தின் பெயர் அது என்பார்கள். பெயரிலேயே கண்விழிப்பு இருக்கிறது. குப்பியைக் குறை சொல்ல முடியாது. தமிழ்மொழியில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் தடுமாறும் பல பிள்ளைகளைக் கரைசேர்த்தது அதுதான். பிரச்சினை, குப்பி முடிந்த பிறகு கைத்தொலைபேசியுடன் போகும் அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் இருக்கிறது.

கண்விழிப்புக்குத் துணை பிளேன்ரீயும் நெஸ்கபேயும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் வர்த்தகத் தேயிலையைத் தொடங்கிய மாவட்டத்தில் தேநீரைக் குறைக்கச் சொல்வது எடுபடாது என்று தெரியும். நேரத்தையாவது மாற்றலாம். குடித்த கஃபீனில் பாதி ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் கழிந்த பின்னும் உடலில் இருக்கும். இரவு பத்து மணிக் கோப்பை விடியற்காலை மூன்று மணி நித்திரையையும் உடைக்கும். மதுவும் புகையும் இதைவிட மோசமானவை: புகைப்பவர்களிடம் நித்திரையில் பல் நெறுமுவது மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாகவும், மது அருந்துபவர்களிடம் கிட்டத்தட்ட இரு மடங்காகவும் காணப்படுவதாக 2016 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. குடித்தால் நல்ல நித்திரை வரும் என்பது முதல் சில மணித்தியாலங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

மன அழுத்தத்தையும் விட்டுவிட முடியாது. முதலாம் வருட மாணவரின் நித்திரையைக் கெடுப்பதில் பகிடிவதைக்குப் பரீட்சையைவிடப் பெரிய பங்குண்டு. 1997 இல் பேராதனையில் பகிடிவதைக்குள்ளான பொறியியல் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மறு வருடமே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்தாலும் அச்சம் ஒழிந்துவிடவில்லை. யார் எப்போது கதவைத் தட்டுவார்கள் என்ற பயத்துடன் படுப்பவருக்கு மெல்லிய நித்திரைதான் வாய்க்கும்.

பல் நெறுமும் கண்டி மாணவர் ஒருவருக்கு ஒரு வசதி உண்டு. 1940களில் கொழும்பில் தொடங்கி 1950களில் பேராதனைக்கு வந்த பல் மருத்துவக் கல்வி, நெடுங்காலம் நாட்டிலேயே அங்கு மட்டும்தான் இருந்தது. அதன் போதனா வைத்தியசாலை பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கேயோ வேறு அரச வைத்தியசாலையின் பற்பிரிவிலோ காட்டலாம். பல் தேய்ந்திருந்தால் வாய்க்கு அளவெடுத்து, இரவில் அணியும் கவசம் ஒன்றைச் செய்துகொடுப்பார்கள். அது பல்லைத் தேயாமல் காக்கும், நெறுமுவதை நிறுத்தாது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் இரண்டு மாதத்தில் கவசத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். கடி சரியில்லை என்று பல்லை அராவச் சொல்பவர்களும் உண்டு. அதற்கு உடன்படக் கூடாது. பல் பொருந்தாமைதான் இதற்குக் காரணம் என்ற பழைய கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது.

பகலில் கடிப்பவர்களுக்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும். மேசையில் ஒரு புள்ளி ஒட்டிவைத்து, கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தினால் சில வாரங்களில் பழகிவிடும்.

வைத்தியரிடம் போகும்போது எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களைக் கொண்டுபோக வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் ஃபுளுவொக்சிற்றின், சேட்ராலின் போன்றவை சிலருக்கு இதைத் தூண்டும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். அறைத்தோழரிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொண்டு போவது நல்லது: பல் நெறுமும் இரவுகளில் பலத்த குறட்டையும் இருக்கிறதா, இடையில் மூச்சு நின்று திணறுகிறதா? ஆம் என்றால், பல்வைத்தியரோடு முடிகிற விடயமல்ல அது. நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று பொது வைத்தியரிடமும் சோதிக்க வேண்டும்.