பழுவேட்டரையரும் சோழர் கூட்டும்

பெருவேந்தர் செய்த போர்களும் பெற்ற வெற்றிகளும் வரலாற்று நூல்களில் விரித்துரைக்கப்படுகின்றன. அவ்வேந்தரோடு கூடி நின்ற குறுநில மன்னர் அக்கூட்டினாற் பெற்றது யாது, இழந்தது யாது என்னும் வினா அத்துணை விரிவாக ஆராயப்படுவதில்லை. பெரம்பலூரும் அரியலூரும் சூழ்ந்த நிலப்பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் இடமாகும். இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள கீழப்பழுவூர், மேலப்பழுவூர்ப் பகுதியிலிருந்து ஆண்ட பழுவேட்டரையரை ஈண்டுச் சான்றாகக் கொள்வோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இப்பெயரை இல்லந்தோறும் பரப்பியது; நாம் காண விழைவதோ கல்வெட்டுக்கள் காட்டும் பழுவேட்டரையரை.

முதலாம் ஆதித்தன் காலத்திலேயே இக்குடியினர் சோழர் தலைமையை ஏற்றிருந்தனர். முதற் பராந்தகனின் (907-955) தேவியருள் ஒருத்தி பழுவேட்டரையர் எனப்பட்ட சேர அரசரின் மகள் என்றும், அவள் வயிற்றுப் பிறந்தவன் அரிஞ்சயன் என்றும் அன்பிற் செப்பேடுகள் கூறும். பழுவூர் இறைவரை மலையாளர் வழிபட்டமையைத் திருஞானசம்பந்தர் தம் பதிகத்திற் குறித்திருப்பதும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவன் மகன் இராசராசன். எனவே, இராசராசனுடைய பாட்டனைப் பெற்ற தாய் பழுவூர்க் குடியினள் ஆவாள். சிற்றரசொன்று பேரரசின் அவையில் இடம்பெற மணவுறவு வழியாயிற்று என்பது இதனாற் புலனாகும்.

இவ்வுறவுக்கு விலையும் உண்டு. பாண்டியனும் அவனுக்குத் துணை வந்த ஈழப்படையும் பராந்தகனோடு வெள்ளூரிற் பொருதபோது, சோழர்க்காகப் படை நடத்தியவருள் பழுவேட்டரையர் கண்டன் அமுதனும் ஒருவன். பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கீழப்பழுவூர்க் கல்வெட்டு இதனைத் தெரிவிக்கிறது. பழுவூர்க்கும் ஈழத்துக்கும் எல்லைத் தொடர்பு இல்லை. ஆயினும், பழுவூர் வீரர் ஈழப்படையை எதிர்த்தனர். சோழர் பகையே பழுவூரின் பகை ஆயிற்று. யாரோடு நட்பு, யாரோடு போர் என்று தானே தேரும் உரிமை சிற்றரசை விட்டு நீங்கியது.

உள்நாட்டு உரிமை அவ்வாறு நீங்கிற்றில்லை. உத்தம சோழன் காலத்தில் மறவன் கண்டனார், நந்திபுரத்து வரிமுறையைப் பின்பற்றிப் பழுவூரில் வரி விதித்தார். வரி விதித்தலும் கோயிலுக்கு நிவந்தம் அளித்தலும் அக்குடியினர் கையிலேயே இருந்தன. வெளியுறவைக் கொடுத்து உள்ளாட்சியைக் காத்துக்கொண்டனர் எனலாம்.

அவ்வுள்ளாட்சியும் நெடுங்காலம் நிற்கவில்லை. இராசராசன் காலத்து நிலவளவையும் வளநாட்டுப் பகுப்பும் நடுவண் ஆட்சியை வலுப்படுத்தின. முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தை இதே நிலப்பகுதியில் தலைநகராக்கினான். அவன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பழுவேட்டரையர் பெயர் கல்வெட்டுக்களில் மறைந்துபோகிறது. பெரும்படையும் நேரடி ஆட்சியும் கைவந்த வேந்தனுக்குப் பழுவூரின் துணை முன்போல் வேண்டப்படவில்லை என்று கருத இடமுண்டு.

பழங்காலக் குறுநிலத்தை இக்கால நாட்டோடு முற்றும் ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும், வேறுபாட்டை நோக்குதல் பயன் தரும். 1967இல் தோன்றிய தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு, கலந்தாய்வாலும் கருத்தொற்றுமையாலும் முடிவு காண்பது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் வெளியுறவு முடிவுகள் பெரும்பாலும் ஒருமனதாகவே எடுக்கப்படுகின்றன. ஆதலின் மால்ட்டா போன்ற சிறுநாடும் பெருநாடுகளை நிறுத்திப் பேசவியலும். கூட்டில் அமைந்த நாடு தன் விருப்பப்படி மட்டும் நடத்தல் அங்கும் அரிதே. ஆனால், அங்கே சிறியோர் குரலை விதி காக்கிறது. பழுவூரின் குரலைக் காத்தவை மணவுறவும் வாள்வலியுமே. அவை தலைமைக்குத் தேவை உள்ள அளவும் நிற்பன. தேவை தீர்ந்தபின் நில்லா. சிறுநாடு கூட்டிற் சேருங்கால், தலைவனின் அன்பினும் அனைவரையும் கட்டும் விதியே உறுதியான அரண் என்பது பழுவூர்க் கல்வெட்டுக்களால் நாம் பெறும் தெளிவாம்.