சொல்லிக்கொண்டு போனவர்கள்

ஈச்சிலம்பற்றில் எனக்குப் பழக்கமான ஓர் இளங்குடும்பம் அண்மையில் வீடு மாறியது. கணவன், மனைவி, ஆறு வயதில் ஒரு பெண்பிள்ளை, மூன்று வயதில் ஒரு பையன். கணவனுக்குத் திருகோணமலை நகரில் மாதச் சம்பளத்தோடு ஒரு வேலை கிடைத்திருந்தது. இதிலே செய்தி என்று எதுவும் இல்லை. முப்பது வருடங்களாகப் பத்திரிகையில் இருக்கிற நான், எனது அலுவலக மேசைக்கு இப்படியொரு குறிப்பு வந்திருந்தால் நான்கு வரிக்குக்கூட இடம் ஒதுக்கியிருக்க மாட்டேன். ஆயினும் அவர்கள் புறப்படுவதற்கு எடுத்துக்கொண்ட இரண்டு நாட்களும் எனது மனதை விட்டு அகலவில்லை. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

அந்த இரண்டு நாட்களும் அவர்கள் சாமான் கட்டியதை விட ஒழுங்கையில் நடந்ததே அதிகம். கோழிகள் ஒரு வீட்டுக்கு, இரண்டு ஆடுகள் இன்னொரு வீட்டுக்கு, அம்மிக்கல் மூன்றாவது வீட்டுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். கடையில் கொப்பியில் எழுதியிருந்த கடன் அடைக்கப்பட்டது. கோயிலில் ஒரு தேங்காய் உடைக்கப்பட்டது. ஒவ்வொரு வளவிலும் தேநீர் குடிக்காமல் வெளியேற முடியவில்லை. ஏழாவது வீட்டில் அந்தப் பையன் அழுதே விட்டான். பெண்பிள்ளை தான் ஊஞ்சல் கட்டி ஆடிய புளியமரத்தடிக்குத் தகப்பனை இழுத்துக்கொண்டு போனாள். எல்லா வீட்டிலும் ஒரே வாசகம்தான்: "போயிட்டு வாறம்." தமிழர் எவரும் வாசலில் நின்று 'போகிறேன்' என்று சொல்வதில்லை என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒழுங்கையின் கடைசி வளவில் இருக்கிற மூதாட்டி, அவர்கள் போன பின்னர் என்னிடம் சொன்னார்: "இந்த ஒழுங்கையால ஒரு குடும்பம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கொண்டு போறத இப்பதான் தம்பி பாக்கிறன். நாங்க எத்தின தரம் போயிருக்கிறம். ஒருத்தருக்கும் சொல்லிப்போட்டுப் போகயில்ல."

அந்த 'எத்தின தரம்' என்ற சொல்லுக்குள் ஓர் ஊரின் நாற்பது வருட வரலாறு இருக்கிறது.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். திருகோணமலைப் பிரதேசத்தின் பழைய நிர்வாகப் பிரிவுகளில் மூன்று, பற்று என்று முடிபவை: கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று. மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவின் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரப்பற்றின் தென்கோடியில் இருக்கிறது ஈச்சிலம்பற்று. இன்று அது வெருகல் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும். கிழக்கே கடல், தெற்கே மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு. ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம். பற்று என்பது நிலப்பிரிவையும் குறிக்கும், மனம் ஒன்றின்மீது கொள்ளும் ஒட்டுதலையும் குறிக்கும். இறைவரி வசூலித்தவர்கள் முதலாவதை மட்டுமே எழுதி வைத்தார்கள்.

ஆற்றங்கரையில் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில். யாழ்ப்பாணத்தின் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் தங்கிச் செல்லும் தலம். வேண்டுமென்றே வீட்டைவிட்டுப் புறப்பட்டு, நடந்து, திரும்பிவருகிற மனிதரை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. வேறுவிதமாகப் புறப்பட்டவர்களின் கதை பிறகு வந்தது.

1985இல் மூதூர்ப் பிரதேசத்துத் தமிழ்க் கிராமங்கள் தாக்கப்பட்டன. அந்த வருடம் ஜூன் மாதத்துக் கிளிவெட்டிப் படுகொலையை மறந்தவர்கள் கொட்டியாரப்பற்றில் இல்லை. 1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் வெடித்தபோது மீண்டும் காடுகளும் கடற்கரையும் அடைக்கலமாயின. 2004 ஏப்ரல் 9, பெரிய வெள்ளி அதிகாலையில், வன்னியிலிருந்து வந்த விடுதலைப் புலிகள் கருணாவின் அணியினரை எதிர்த்து வெருகல் ஆற்றைக் கடந்தார்கள். ஆற்றின் இரு கரைகளிலும் தமிழ்ப் பிள்ளைகளே நின்றார்கள்; தமிழ்ப் பிள்ளைகளே செத்தார்கள். அந்தச் சாவுகளைப் பற்றி நம்மவர் பேசுவது இன்றும் குறைவு. அதே ஆண்டு டிசம்பர் 26இல் கடல் வந்தது. எட்டு மாத இடைவெளியில் ஒரு கரையோரம் மனிதருக்கும் கடலுக்கும் அஞ்சி ஓடியது.

பின்னர் 2006. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மூதாட்டி சொன்னதன் மையம் இதுதான்.

ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த மாலையிலேயே மூதூர் கிழக்கின் மீது விமானங்களும் எறிகணைகளும் பாயத் தொடங்கின. ஜூலை மாதத்தில் மாவிலாற்று அணைக்கட்டின் கதவுகள் மூடப்பட்டன. தண்ணீரை முன்னிட்டுத் தொடங்கிய சண்டை தண்ணீரோடு முடியவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் நகரம் போர்க்களமானது. அங்கிருந்த முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் பதினேழு பேர் மூதூரில் சுட்டுக்கொல்லப்பட்டது அந்த வாரத்தில்தான். செப்டம்பர் 4இல் சம்பூர் அரசாங்கப் படைகளிடம் வீழ்ந்தது. சம்பூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் மக்கள் தெற்கே நகர்ந்து ஈச்சிலம்பற்றுக்கு வந்தார்கள். ஈச்சிலம்பற்றுக்காரர் அவர்களுக்குத் தங்கள் பள்ளிக்கூடத்தையும் திண்ணையையும் கொடுத்தார்கள். அரிசியைப் பகிர்ந்தார்கள். சில வாரங்களில் விருந்தினரும் வீட்டுக்காரரும் ஒன்றாக வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும் போனார்கள்.

மூதாட்டி அந்தப் போதின் நினைவை இப்படிச் சொன்னார்: அடுப்பில் சோறு இருந்தது. மாடுகளின் கயிற்றை வெட்டிவிட்டார், அவிழ்க்க நேரமில்லை. பக்கத்து வீட்டாரைக் கூப்பிடப் பார்த்தார். அவர்கள் வேறு பாதையால் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணை அதற்குப் பிறகு அவர் காணவில்லை. என்ன ஆனாள் என்று நான் கேட்டேன். "கதிரவெளியில" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்தபோது 2006 நவம்பர் 8இல் எறிகணைகள் விழுந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எறிகணைகளை ஏவியது இராணுவம். மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்தார்கள் என்பதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்ட பழுது. டிசம்பரில் மக்கள் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குத் தப்பினார்கள். 2007 ஜனவரி 19இல் வாகரை வீழ்ந்தது.

அந்தப் பெப்ரவரியில் நான் மட்டக்களப்பு மாவட்டத்து முகாம்களுக்குச் சென்றிருந்தேன். மாவடிவேம்பில் ஒரு கூடாரத்து வாசலில் குறிப்புப் புத்தகத்தோடு நின்று, எத்தனை குடும்பம், எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை நாள் என்று கேட்டு எழுதினேன். எல்லாக் கேள்விகளுக்கும் இலக்கத்தில் பதில் வந்தது. எனது செய்தியும் இலக்கங்களாகவே அச்சேறியது. யாரிடம் சொல்லாமல் வந்தீர்கள் என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை. இந்தக் குடும்பத்தின் மனைவிக்கு அப்போது எட்டு வயது. அவரும் ஏதோவொரு கூடாரத்தில் இருந்திருக்கிறார். எனது புத்தகத்தில் அவர் ஓர் இலக்கத்தின் பகுதியாக இருந்திருக்கக்கூடும்.

2007ஆம் ஆண்டிலேயே ஈச்சிலம்பற்று மக்கள் ஊர் திரும்பினார்கள். மார்ச் மாதத்தில் முகாம்களிலிருந்து பஸ்களில் ஏற்றப்பட்டவர்களில் பலர் விரும்பி ஏறவில்லை என்ற முறைப்பாடுகள் அப்போதே எழுந்தன. வருவதற்கும் அனுமதி கேட்கவில்லை, போவதற்கும் விடைபெறவில்லை. வேலிகள் இல்லை, கூரைகள் இல்லை, வெட்டிவிட்ட மாடுகள் இல்லை. ஆனாலும் நிலம் இருந்தது. சம்பூர்க்காரருக்கு அதுவும் இல்லை. 2007 மே மாதம் அவர்களது ஊர் உயர்பாதுகாப்பு வலயமாகப் பிரகடனமானது. அதன்பின் அனல்மின் நிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. எட்டு ஒன்பது வருடங்கள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் காத்திருந்து 2015, 2016இலேயே அவர்கள் வளவுகளைக் கண்டார்கள். அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது.

தமிழில் இடப்பெயர்வு என்றதும் 1995 அக்டோபர் 30 இரவும், யாழ்ப்பாணத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்த அந்தச் சனத்திரளும் நினைவுக்கு வருகின்றன. அதைப் பற்றிக் கதைகள் உண்டு, கவிதைகள் உண்டு. 1990 அக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களும் தங்கள் கதையை மெல்ல மெல்ல எழுதினார்கள். 1948இல் வெளியேறிய பலஸ்தீனர் வீட்டுத் திறப்புகளைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து வைத்திருப்பதை உலகம் அறியும். கிடுகு வீட்டுக்கும் கடப்புத் தடிக்கும் திறப்பு ஏது? ஈச்சிலம்பற்றுக்காரரிடம் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அப்படியொரு பொருளும் மிஞ்சவில்லை. கொட்டியாரத்து மனிதரைத் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்த மூதூரின் வ.அ. இராசரத்தினம் 2001இலேயே மறைந்துவிட்டார். 2006 அவர் கண்ணில் படவில்லை. அவர் இருந்திருந்தால் எழுதியிருப்பார் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இனி இந்த இளங்குடும்பத்தின் பயணத்தைச் சுயவிருப்பப் பயணம் என்று சொல்லலாமா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. துவக்கு எதுவும் அவர்களைத் துரத்தவில்லை. கணவன் பெரும்போகத்தில் பிறர் வயலில் கூலிக்கு நின்றான், மற்ற மாதங்களில் கரைவலை இழுத்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் இரண்டும் இல்லை. 2011 தொடக்கத்து வெள்ளத்தில் வெருகல் பட்ட பாட்டை அவனது தகப்பன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாதச் சம்பளம் என்பது அந்த ஒழுங்கையில் அரிய பொருள். "பிள்ளையள் எங்களப்போல ஆகக்கூடாது, ஐயா" என்றான் அவன். மனைவி பேசவில்லை. அவருக்குப் போக மனமில்லை என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். இரவில் அவர் மாமியாரோடு தர்க்கித்ததும், பிறகு தானே முதலில் சாமான் கட்டத் தொடங்கியதும் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

தூரம் ஒன்றும் பெரிதல்ல. ஒரு காலத்தில் திருகோணமலைக்குப் போவதென்றால் ஆற்றுவாய்தோறும் 'பாதை' ஏற வேண்டும். ஆற்றைக் கடக்கும் மிதவையைக் கிழக்கில் பாதை என்றே சொல்வோம். தமிழகத்து நண்பர் ஒருவர் இதைக் கேட்டு நெடுநேரம் குழம்பியிருக்கிறார். பாதைக்காகக் காத்திருந்தே அரைநாள் போய்விடும். 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்தன. இன்று காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நகரில் நிற்கலாம். ஆவணித் திருவிழாவுக்குக் கட்டாயம் வருவோம் என்று அவர்கள் எல்லா வீட்டிலும் சொன்னது வெறும் உபசாரமன்று. ஆனால் அடுத்தடுத்த வளவுகளில் மூன்று வீடுகள் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றின் சொந்தக்காரர் கட்டாரில், ஒன்று கொழும்பில். மூன்றாவது வீட்டாரும் ஒரு காலத்தில் திருவிழாவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள்தான்.

புறப்பட்ட காலையில் நான் நின்றேன். உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டில், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், தையல் இயந்திரம், ஒரு சாக்கு நெல். பெண்பிள்ளை கோழிகளைப் பொறுப்பேற்ற வீட்டு ஆச்சியிடம் ஒவ்வொன்றின் பெயரையும் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். ஆச்சி தவறாகச் சொன்னபோது திருத்தினாள். மனைவி கடைசி வளவு மூதாட்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நல்லா இரு புள்ள" என்று மட்டும் சொன்னார் கிழவி.

இயந்திரம் ஒழுங்கையைத் தாண்டித் தாரிட்ட வீதியில் ஏறிவிட்டது. அப்போதுதான் மூதாட்டிக்கு ஏதோ நினைவு வந்து உள்ளே ஓடினார். ஓடினார் என்று எழுதுவது சற்று மிகை. அவரது வயதில் அது ஓட்டம்தான். பழம்புளி கட்டிய ஒரு பொதியோடு வெளியே வந்து, "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று கூவினார். பெண்பிள்ளைதான் முதலில் கண்டு தகப்பனின் தோளில் தட்டினாள். உழவு இயந்திரம் வீதியோரத்தில் நின்றது. சாரதி இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு பீடியைப் பற்றவைத்தபடி, கிழவி நடந்து வந்து சேரும்வரை காத்திருந்தான்.