மிசன்

யாழ்ப்பாணத்தில் ‘மிசன் பள்ளிக்கூடம்’ என்றால் எவருக்கும் விளக்கம் வேண்டாம். சொல்லின் வேர் லத்தீன் வினையான ‘மித்தெரே’: போகவிடுதல், அனுப்புதல். எறிந்த ஈட்டிக்கும் அனுப்பிய தூதனுக்கும் உரோமர் இதே வினையையே ஆண்டனர். ஏவுகணையைக் குறிக்கும் ‘மிசைல்’ அந்த ஈட்டியின் வழி வந்தது. ‘மித்தெரே’யின் பெயர்ச்சொல் ‘மிஸ்ஸியோ’. 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார் அதைச் சமயப்பணிக்கு அனுப்பப்படுதலுக்கு உரியதாக்கினர்.

1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிசனார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். அனுப்பப்படுதலைச் சொன்ன சொல், நம்மூரில் அசையாமல் நிற்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெயராயிற்று. இந்தப் பொருள்மாற்றம் எனக்கு மிகப் பிடித்தது.

சந்தைத் தரகரின் ‘கமிசன்’கூட அதே வேர்தான்: முதலில் ஒப்படைத்த வேலை, பிறகு அதற்கான கூலி.