ஒரு டாலர் கதைகள்

திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் சிறுகதையைப் படமெடுக்க ஒரு மாணவன் கொடுக்க வேண்டியிருந்த விலை ஒரே ஒரு டாலர். 1970-களின் கடைசியில் தொடங்கிய இந்த வழக்கம் 2023 முடிய நடந்தது. அப்படி வந்த படங்களுக்கு ‘டாலர் பேபி’ என்று பெயர். குறும்படங்களுக்கு ஒலிச்சேர்க்கை செய்து பிழைக்கிறவன் நான். என்னிடம் வருவதில் பாதி பேய்ப்படம். அதிலும் பாதி, அறைக்குள் அடைந்து கிடக்கும் எழுத்தாளன் கதை. அதனால் இந்த டாலரின் வரலாற்றின் மேல் எனக்குப் பெரிய பிரியம்.

கிங்கே அப்படி அடைந்து கிடந்தவர்தான். 1970-இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. பேங்கர் நகரத்துச் சலவை ஆலையில் மணிக்கு 1.60 டாலர் கூலிக்குச் சேர்ந்தார். ‘தி மேங்ளர்’ கதையில் ஆளை விழுங்கும் இஸ்திரி இயந்திரம் அந்த அனுபவத்தின் பிள்ளை. பிறகு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். ஆண்டுச் சம்பளம் 6,400 டாலர். டிரெய்லர் வீட்டில், துணி துவைக்கும் மூலையில் உட்கார்ந்து, மனைவி டபிதாவின் ஒலிவெட்டி தட்டச்சுப் பொறியில் எழுதினார். ‘கேரி’ நாவலின் முதல் பக்கங்களைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். டபிதா அவற்றைப் பொறுக்கி, சிகரெட் சாம்பலைத் தட்டி, படித்துவிட்டு, மேலே எழுதச் சொன்னார். நாவலைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்ட செய்தி தந்தியில் வந்தது. தொலைபேசிக்குக் கட்டப் பணமில்லாமல் இணைப்பை எடுத்திருந்தார்கள்.

1973-இல் அந்த நாவலின் மலிவுப் பதிப்பு உரிமை நான்கு லட்சம் டாலருக்கு விலைபோனது. சில ஆண்டுகளிலேயே மாணவர்கள் கதை கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். தன் கணக்கர் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் கிங் ஒரு டாலருக்குக் கொடுத்தார். நிபந்தனைகள் சில: சிறுகதை மட்டும்தான், படத்தை விற்கக் கூடாது, அனுமதி இல்லாமல் வணிகரீதியாகத் திரையிடக் கூடாது, முடித்ததும் தனக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் கையெழுத்து உண்டு.

1980-இல் கடிதம் எழுதியவர்களில் இளைஞர் ஃபிராங்க் டராபான்ட் ஒருவர். கேட்ட கதை ‘தி வுமன் இன் தி ரூம்’: புற்றுநோயில் வதைபடும் தாய், மாத்திரை கொடுத்து முடித்துவிடலாமா என்று தவிக்கும் மகன். பேயே இல்லாத திகில். கிங்கின் சொந்தத் தாயும் 1973-இல் புற்றுநோயில்தான் இறந்தார். பணம் சேரச் சேர எடுத்து, மூன்று ஆண்டில் படத்தை முடித்தார் டராபான்ட். அதை நம்பித்தான் பின்னால் ‘ஷாஷாங்க்’ கதையையும் கொடுத்தார் கிங். அதற்கு வந்த காசோலையை அவர் மாற்றவே இல்லை. குறும்படத்தில் கைதியாக நடித்த பிரையன் லிபி, 1994-இல் வந்த ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்திலும் கைதிதான்.

எழுத்தாளனைப் பற்றிய டாலர் பேபிகளில் மாணவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தது ‘ஆல் தட் யூ லவ் வில் பி கேரீட் அவே’. ஊர் ஊராகப் போகும் விற்பனையாளன், கழிப்பறைச் சுவர்க் கிறுக்கல்களை நோட்டில் எழுதிச் சேர்க்கிறான். அதைப் புத்தகமாக்க ஆசை. ஒருநாள் இரவு நெப்ராஸ்காவில் ஒரு மோட்டல் அறையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். ஓர் அறை, ஒரு நடிகர், ஒரு நோட்டு. இதைவிடக் குறைந்த செலவில் எடுக்க முடியாது. ‘ரெஸ்ட் ஸ்டாப்’ கதையும் அப்படித்தான். அதன் நாயகன் பகலில் பேராசிரியர், புனைபெயரில் நாவலாசிரியர். நெடுஞ்சாலைக் கழிப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் பெண்ணை அடிக்கிறான். அடியை நாம் பார்ப்பதில்லை, கேட்கிறோம். என் தொழிலில் இருப்பவனுக்கு அந்தச் சுவர் பெரிய பாடம். திடுக்கென்று ‘டொய்ங்’ போடச் சொல்லி வருகிற தம்பிகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். எழுத வராதவனின் பயத்துக்கு மின்விசிறிச் சத்தமே போதும்.

விற்கக் கூடாது என்ற நிபந்தனையால் இந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவை நம் கண்ணில் படாமலே போயின. கிங் படித்த பல்கலைக்கழகத்தில் 2004-இல் இவற்றுக்கென்றே ஒரு விழா நடத்தினார்கள். அதுபோன்ற இடங்களில்தான் பார்க்க முடிந்தது. இழப்புதான். இருந்தும் அந்த நிபந்தனை நியாயமானது என்றே நினைக்கிறேன். கதை யாருடையது என்பதில் கடைசிவரை குழப்பமே வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒலிச்சேர்க்கைக்கு வந்த ஒரு படத்தின் கதையை நான் ஒரு சிற்றிதழில் படித்திருந்தேன். எழுதியவரின் பெயர் டைட்டிலில் எங்குமே இல்லை. கேட்டதற்கு, “சின்னப் படம்தானே சார்” என்றார்கள். சின்னப் படத்துக்காகத்தான் அந்த ஒரு டாலர் ஒப்பந்தமே. நம் நாட்டுச் சட்டத்திலும் உரிமம் எழுத்தில்தான் தரப்பட வேண்டும். தம்பிகளே, கதை பிடித்திருந்தால் எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எழுத்தாளர்களே, கேட்டு வருகிறவனுக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். படம் முடிந்ததும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.