இருளரின் மண்பானையும் பாம்பு விஷமும்



எங்கள் இரும்பை, வானூர், திண்டிவனம் பக்கம் இருளர்களைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் மருந்துக்கும் இருளருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் முழிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் அதிகம் பேரைக் கொல்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டின் விஷம் நரம்பைத் தாக்கும். கண் இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். மற்ற இரண்டும் இரத்தத்தைக் கெடுக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. கிட்டத்தட்ட எல்லோரும் கிராமத்து ஜனங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் ஒழுகும். அதே விஷத்தை நன்றாக நீர்க்கச் செய்து காயத்தின் மேல் வைத்தால் இரத்தம் சட்டென்று உறைகிறது! (உடம்புக்குள் போகும்போது உறைய வைக்கும் பொருளையெல்லாம் செலவழித்து விடுகிறது, அதுதான் விஷயம்.) 1934-ல் லண்டனில் மேக்ஃபார்லேன் என்ற மருத்துவர், இரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கு இதை மருந்தாகவே பயன்படுத்திப் பார்த்தார். இன்றும் சில இரத்தப் பரிசோதனைகளுக்கு இந்த விஷம் தேவை.

சரி, விஷமுறிவு மருந்து? 1890-களில் பிரெஞ்சுக்காரர் கால்மெட் கண்டுபிடித்தார். விலங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அதைப் பிரித்தெடுத்தால் மருந்து. ஒரே மருந்து எல்லாப் பாம்புக்கும் போதும் என்று அவர் நினைத்தார். பம்பாயில் ஜார்ஜ் லாம்ப் சோதித்தபோது, நல்ல பாம்புக்கு வேலை செய்த மருந்து கண்ணாடி விரியனுக்குப் பலிக்கவில்லை. ஆகவே இங்கே குதிரைக்கு நான்கு பாம்புகளின் விஷமும் ஏற்ற வேண்டும்.

அந்த விஷத்துக்கு எங்கே போவது? இங்கேதான் இருளர்கள் வருகிறார்கள்.

அதற்கு முன் அவர்கள் பாம்பு பிடித்தது தோலுக்காக. தோல் வெளிநாட்டில் செருப்பாகவும் கைப்பையாகவும் ஆனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாம்புக்கு நல்லதுதான், ஆனால் இருளர் பிழைப்பு போயிற்று. சென்னைப் பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ரோமுலஸ் விட்டேகர் முயற்சியால், 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது இருக்கும் வடநெம்மேலி நம் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர்.

வனத்துறை அனுமதி தந்த எண்ணிக்கைக்குத்தான் பிடிக்கலாம். பிடித்த பாம்பை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். முன்பு ஒரு பாம்பு ஒரு தோல், அத்தோடு முடிந்தது. இப்போது பாம்பும் பிழைக்கிறது, ஆளும் பிழைக்கிறான். நாட்டின் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி பல வருடங்களாக இங்கிருந்துதான். 2023-ல் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடாவே இவர்களைக் கூப்பிட்டது!

ஆனால் சங்க உறுப்பினர்கள் பெரும்பாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தவர்கள். திண்டிவனம் பக்கத்து இருளருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. சூளைக்கும் ஆலைக்கும் போனார்கள், முன்பணக் கடனில் பலர் கொத்தடிமை ஆனார்கள். சாதிச் சான்றிதழுக்கே வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் பக்கத்து விஷத்தில் செய்த மருந்து வட மாநிலங்களில் சில இடங்களில் சரியாக வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கால்மெட்டுக்கு லாம்ப் சொன்ன அதே பதில்தான், இந்த முறை நமக்கு.