நாக்பாடாவில் தொடங்கிய படிப்பு

மும்பைக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. பிழைப்பு ஹெச்.ஆர். ஆள் எடுப்பது, ஆளை அனுப்புவது, நடுவில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது. என் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏதாவது சொந்தம் உண்டா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

சில வருஷம் முன்பு, தாராவியில் இட்லிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், "தம்பி, ஆஸ்பத்திரியில இந்தியில என்னமோ கேக்காங்க, கொஞ்சம் கூட வாங்க" என்று கூப்பிட்டார். அவர் மனைவிக்கு டிபி. ஆறு மாச மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டார். டாக்டர் திட்டிவிட்டு, மூலையில் ஒரு மேஜையைக் காட்டினார். அங்கே ஒரு பெண். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். அவர் திட்டவில்லை. "மாத்திரையை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அக்கா ரொம்ப நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அரிசி டப்பாக்குள்ள" என்றார். ஊரிலிருந்து நாத்தனார் வந்து ஒரு மாசம் தங்கி, சமையலைக் கையில் எடுத்துக்கொண்டாராம். டப்பா கைமாறியது, மாத்திரை நின்றது.

அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு இந்தியாவுக்கு எப்படி வந்தது என்று தேடப்போய்த்தான் என் வேலையின் பூர்வீகமும் அகப்பட்டது.

கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி 1925-ல் பம்பாய் வந்தார். நாக்பாடாவில் ஒரு 'அக்கம்பக்கத்து வீடு' தொடங்கினார். லண்டனில் 1884-லும் சிகாகோவில் 1889-லும் தொடங்கப்பட்ட குடியேற்ற இல்லங்களின் வழிதான்: படித்தவர்கள் ஏழைகள் நடுவிலேயே குடியிருந்து வேலை செய்வது. பக்கத்தில் காமாட்டிபுரா, சுற்றிலும் மில் தொழிலாளர் குடியிருப்புகள். (நாக்பாடா இன்றும் கூடைப்பந்துக்குப் பேர்போனது. அதற்கும் இந்த வீட்டு மைதானத்துக்கும் உறவு உண்டு.) நல்ல மனசு மட்டும் போதாது, இதற்குப் பயிற்சி வேண்டும் என்பது அவர் கட்சி. சர் தோராப்ஜி டாடா 1932-ல் அமைத்த அறக்கட்டளை பணம் கொடுக்க, 1936-ல் அதே நாக்பாடாவில் பட்டதாரிகளுக்கான பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. இருபது மாணவர்கள், இரண்டு வருஷப் படிப்பு. 1944-ல் அதற்கு டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. 1954-ல் செம்பூரைத் தாண்டி தேவ்னாருக்குப் போனது.

1941-ல் மான்ஷார்ட் ஊர் திரும்பியபின் பொறுப்பேற்றவர் நம்மூர்க்காரர். ஜே.எம். குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் பேசிய ஜே.சி. குமரப்பாவின் அண்ணன். தம்பியை நமக்குத் தெரியும். அண்ணனை இங்கே மும்பைத் தமிழர்களே மறந்துவிட்டோம். பிரிவினைக்குப் பிறகு குருக்ஷேத்திர அகதி முகாமுக்கு மாணவர்களை வேலை செய்ய அனுப்பியது அவர் காலத்தில்தான். பின்பு 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார்.

இனி நடந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யம்.

1946-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். அதே வருஷம் வந்த போர் கமிட்டி அறிக்கையும் மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்டவர்கள் தேவை என்றது. இரண்டு வருஷம் கழித்து 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன் 49-வது பிரிவு, 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகள் நல அதிகாரிகளை வைத்தே ஆகவேண்டும் என்றது. ஒன்று சிபாரிசு, மற்றது சட்டம். சிபாரிசைப் படித்துவிட்டு ஓரமாக வைக்கலாம். சட்டத்தை மீறினால் இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார்.

படித்துவிட்டு வருகிற பையன் எங்கே போவான்? சம்பளம் நிச்சயமான இடத்துக்குத்தான். தொழிலாளர் நலம் சமூகப் பணிப் படிப்பின் பெரிய கிளையாயிற்று. அது பர்சனல் மேனேஜ்மென்ட் ஆகி, அப்புறம் ஹெச்.ஆர். ஆயிற்று. தேவ்னாரில் இன்றைக்கும் பிள்ளைகள் முட்டிமோதி இடம் தேடுவது அந்தப் படிப்புக்குத்தான். எங்கள் ஆபீசிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். நாக்பாடா எங்கே இருக்கிறது என்று கேட்டால் கூகுள் மேப்பைத் திறக்கிறார்கள்.

மருத்துவ சமூகப் பணி செத்துவிடவில்லை. அந்த நிறுவனத்திலேயே தனித் துறையாக வளர்ந்தது. பொது சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம் என்று முதுகலைப் படிப்புகள் வந்தன. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் சமூகப் பணிக்குத் தனிக் கல்லூரி தொடங்கியது. மருத்துவக் கல்லூரிகளுக்கான விதிகளிலும் அந்தப் பதவிக்கு இடம் கிடைத்தது. ஆனால் இத்தனை படுக்கைக்கு ஒருவர் என்று எல்லா மருத்துவமனைகளையும் கட்டிப்போட ஒரு 49-வது பிரிவு வரவில்லை. ஆலை முதலாளியைக் கட்டாயப்படுத்திய நாம், ஆஸ்பத்திரியைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. (அந்தச் சட்டத்தின் வம்சத்தில் சம்பளம் வாங்குகிறவன் இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.)

அக்கா கதையை முடித்துவிடுகிறேன். அந்தப் பெண் மாத்திரையை வேறு இடத்தில் வைக்க யோசனை சொன்னார்: தாயத்து, சாமி குங்குமம் வைக்கிற சின்ன டப்பா. அதில் நாத்தனார் கை வைக்கமாட்டாராம். வாரம் ஒருமுறை போன் செய்தார், அவருடைய ஓட்டை இந்தியிலும் அக்காவின் ஓட்டை இந்தியிலுமாக. இந்தத் தடவை மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை.

கடைசிப் பரிசோதனை நாளில் மறுபடி மூவருமாகப் போனோம். அண்ணாச்சி இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டி எடுத்து வந்திருந்தார். மேஜையில் வேறு ஒரு பெண். முந்தையவர் ஒப்பந்த ஊழியராம், காலம் முடிந்துவிட்டதாம். போன் நம்பரும் ஆபீஸ் நம்பர்தான், அதையும் இவரே எடுக்கிறார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீங்க சாப்பிடுங்க தாயி" என்று தமிழிலேயே சொல்லி அந்தப் புதுப் பெண்ணின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.