வளைந்த காலும் ஊடுருவும் ஒளியும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது.

குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கும்போது அதன் கால்கள் வளைந்திருப்பதைக் காணும் குடும்பத்தில் மூன்று வகைப் பேச்சுகள் எழுவது வழக்கம். கண்ணேறு பட்டுவிட்டது என்பர் சிலர். இறைவன் விதித்தது இவ்வளவுதான் என்பர் வேறு சிலர். வளர வளரத் தானே நிமிர்ந்துவிடும் என்பர் வீட்டு மூத்த பெண்மணிகள். இம்மூன்றாவது கூற்றில் உண்மை உண்டு. பல குழந்தைகளுக்கு அவ்வாறே நிகழ்கிறது. ஆயினும் எந்தக் குழந்தைக்கு நிகழும், எதற்கு நிகழாது என்பதை வெறுங்கண் சொல்லிவிட முடியாது. உடலுக்குள் மறைந்திருக்கும் எலும்பைப் பார்த்தறியும் வழியை மனித குலம் எவ்வாறு பெற்றது, அவ்வழி நம் மண்ணில் எவற்றை வெளிப்படுத்தியது என்பதை அறிந்தால், அக்குழந்தைக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் தெளிவாகும்.

பார்வை என்பது என்ன என்ற கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (ரஹ்). சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூல், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்பதைச் சோதனைகளால் நிறுவியது. ஏறத்தாழ அதே காலத்தில் குர்துபாவுக்கு அருகே வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்), முப்பது பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில் எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் தனித்து விளக்கினார். இப்னு ஸீனா (ரஹ்) தம் 'அல்கானூன்' நூலின் முதற் பாகத்திலேயே குழந்தை வளர்ப்புக்கு இடம் ஒதுக்கினார். இவர்களுடைய அறிவு பெரிது. ஆனால் கருவி விரல் நுனியே. தோலுக்கும் தசைக்கும் கீழே இருக்கும் எலும்பைத் தொட்டு ஊகிக்கலாம். உயிருள்ள குழந்தையின் எலும்பைக் கண்ணால் காண இயலாது.

அந்தத் திரை 1895 நவம்பர் 8 அன்று விலகியது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் என்ற இயற்பியல் பேராசிரியர், தசையை ஊடுருவி எலும்பில் தடைபடும் புதிய கதிரைக் கண்டார். அறியப்படாதது என்ற பொருளில் அதற்கு எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. ஆனால் அக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அது மனித குலம் முழுவதற்கும் சொந்தம் என்று விட்டுவிட்டார். பயனுள்ள கல்வி இறந்த பின்னும் நன்மை சேர்க்கும் என்று நபி (ஸல்) அவர்கள் வாயிலாக அறிந்த நமக்கு, இச்செயலின் மதிப்பு எளிதில் விளங்கும்.

அந்த நாளுக்கு முந்தைய நாள்தான் நம் ஊரில் பிறந்த ஒரு சிறுவனுக்கு ஏழு வயது நிறைந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஸ்ரீரங்கம் அமைந்துள்ள அதே தீவில், திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி. இராமனே அச்சிறுவன். பிற்காலத்தில் அவர் ஒளியும் எக்ஸ் கதிரும் பொருள்களின் ஊடே சிதறும் விதத்தை ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று அறிவித்த இராமன் விளைவுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். எக்ஸ்ரே எலும்பின் வடிவையும் அடர்த்தியையும் காட்டுகிறது. இராமன் கண்ட ஒளிச்சிதறலோ எலும்பில் உள்ள தாதுப் பொருளுக்கும் புரதத்துக்கும் இடையிலான விகிதத்தைச் சொல்லவல்லது. எளிதில் முறியும் எலும்போடு பிறக்கும் குழந்தைகளின் நோயை, தோலைக் கீறாமலே அறிவதற்கு அவ்வொளியைப் பயன்படுத்தும் ஆய்வுகள் இன்று நடைபெறுகின்றன.

எக்ஸ்ரே கைக்கு வந்தபின் முதலில் தெளிவு பெற்ற குழந்தை நோய்களுள் ஒன்று ரிக்கெட்ஸ். எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியாமல் அது மென்மையாகி, உடலின் எடை தாங்காமல் கால் வளைவதே இந்நோய். இங்கிலாந்தில் பிரான்சிஸ் கிளிசன் 1650இலேயே இதைப் பற்றி நூல் எழுதினார். புகை சூழ்ந்த ஐரோப்பியத் தொழில் நகரங்களில் இது மலிந்திருந்தது. ஜப்பானில் மருத்துவப் பணியாற்றிய தியோபால்ட் பாம், 1890இல் பல நாடுகளின் நிலையை ஒப்பிட்டு, வெயில் குறைந்த இடத்தில்தான் இந்நோய் தழைக்கிறது என்று எழுதினார். அக்கருத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1919இல் பெர்லினைச் சேர்ந்த குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளின் உடலில் புற ஊதா விளக்கொளியைப் பாய்ச்சி, முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார். எலும்பில் சுண்ணாம்புச் சத்து மீண்டும் படிவது படத்தில் தெரிந்தது. ஒரு கையில் மட்டும் ஒளி பாய்ச்சியபோது மறு கையின் எலும்பும் குணமடைந்தது. அதாவது, ஒளி பட்ட தோலில் உருவாகும் ஏதோ ஒன்று உடல் முழுவதும் பரவி வேலை செய்கிறது. அதையே இன்று வைட்டமின் டி என்கிறோம்.

ஐரோப்பாவின் பிரச்சினை நமக்கென்ன, நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை 1922இல் பம்பாய் மாகாணத்தின் நாசிக் பகுதியிலிருந்து வந்தது. ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் அங்கே ரிக்கெட்ஸ் நோயை ஆராய்ந்தனர். வயலில் உழைக்கும் ஏழைகள் உண்ட உணவு குறைவு. ஆயினும் அவர்களின் பிள்ளைகளிடம் இந்நோய் காணப்படவில்லை. நல்ல உணவு உண்டும் வீட்டை விட்டு வெளியே வராத வசதி படைத்த குடும்பங்களில், ஹிந்துக்களாயினும் முஸ்லிம்களாயினும், தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் அது காணப்பட்டது. இதை வைத்து ஹிஜாபைக் குறை கூறுவோர் உண்டு. அவ்வாய்வைச் சரியாகப் படித்தால் குற்றம் ஆடையில் இல்லை, வெயில் நுழையாத வாழிடத்தில் இருக்கிறது என்பது புலப்படும். நம் முன்னோர் வீட்டின் நடுவே திறந்த முற்றம் வைத்தனர். அங்கே பெண்களும் குழந்தைகளும் மறைவும் வெயிலும் ஒருங்கே பெற்றனர். முற்றத்தை மூடி அடுக்குமாடியாக்கிய நாம் மறைவைக் காத்துக்கொண்டோம், வெயிலை இழந்துவிட்டோம்.

இனி நம் மாகாணத்துக்கு வருவோம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டு என்பவரின் பெயரால் 1934இல் ஒரு கதிரியக்க மருத்துவ நிலையம் நிறுவப்பட்டது. அதே பர்னார்டு, கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட் முதலிய மருத்துவர்களுடன் இணைந்து, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்து மக்களை ஆராய்ந்தார். முதுகு விறைத்து, மூட்டுகள் இறுகி, குனியவும் நிமிரவும் இயலாமல் பலர் அங்கே வாடினர். எக்ஸ்ரே படங்களில் அவர்களின் எலும்பு இயல்பை விட அடர்ந்து, தசைநார்களிலும் சுண்ணாம்பு ஏறியிருப்பது தெரிந்தது. கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃப்ளோரைடே காரணம் என்று 1937இல் வெளியான ஆய்வுக் கட்டுரை அறிவித்தது. தலைவிதி என்று அந்த ஊர்கள் நினைத்திருந்த துன்பத்தின் வேர் குடிநீரில் இருந்தது. பின்னர் 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளில் வளரிளம் பருவத்தினரின் முழங்கால்கள் உள்நோக்கி வளைவதை எடுத்துரைத்தனர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் இத்துன்பம் பழையது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது. நம் ஊரைத் தொட்டு ஓடும் அதே காவிரிதான் அங்கே மருந்தாகச் செல்கிறது.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றே: வளைவு ஒன்றாகத் தெரியலாம், காரணம் பலவாக இருக்கும். இரண்டு வயது வரை கால் சற்று வெளிநோக்கி வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒட்டி நிற்பதும் பெரும்பாலும் இயல்பானவை, தாமே சரியாகும். ரிக்கெட்ஸ் ஆயின் மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் எலும்பின் வளரும் முனை கிண்ணம் போல் குழிந்து, ஓரம் சிதைந்து தெரியும். மருந்தும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலோரை மீட்டுவிடும். சில வகை ரிக்கெட்ஸ் சிறுநீரகக் கோளாற்றாலும் பரம்பரைக் குறையாலும் வரும். அவற்றுக்கு மருத்துவமே வேறு. நெருங்கிய உறவுக்குள் தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நிகழும் குடும்பங்களில் சில பரம்பரை எலும்பு நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதல். அத்திருமணம் மார்க்கத்தில் ஆகுமானதே. ஆயினும் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு அத்தகைய நோய் இருப்பின், அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபியல் மருத்துவரின் ஆலோசனை பெறுவது அறிவுடைமை.

எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே தேவை என்பதும் இல்லை. பிறந்த சில மாதங்களில் இடுப்பு மூட்டின் பந்து குருத்தெலும்பாகவே இருப்பதால் அது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. கதிர்வீச்சு அறவே இல்லாத அல்ட்ராசவுண்ட் பரிசோதனையே அங்கே ஏற்றது. குழந்தையின் உடல் கதிரால் எளிதில் பாதிப்புறும் ஆதலால், எந்தப் படம், எத்தனை முறை என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். நாமே ஒரு மையத்துக்குச் சென்று படம் எடுத்துக்கொள்வது முறையன்று.

பார்த்தறிவது பாதி வழியே. பாரத்தை இறக்கி வைப்பது மறு பாதி. அதற்கும் நம் ஊரோடு தொடர்புடைய ஒருவர் முன்மாதிரியாக இருக்கிறார். இராமேசுவரத்திலிருந்து வந்து 1950 முதல் 1954 வரை திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் (ரஹ்), பிற்காலத்தில் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில், போலியோவால் கால் நலிந்த சிறுவர்கள் மூன்று கிலோ எடையுள்ள இரும்புத் தாங்கிகளை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பற்றி அறிந்தார். ஏவுகணைப் பணியில் தேர்ந்த இலகுப் பொருள் நுட்பத்தைக் கொண்டு அவருடைய குழுவினர் முந்நூறு கிராம் எடையில் தாங்கிகள் செய்தளித்தனர். தம் வாழ்வில் பேரின்பம் தந்தவற்றுள் ஒன்றாக அதை அவர் பலமுறை குறிப்பிட்டார். போலியோவோ தடுப்பு மருந்தால் இந்நாட்டை விட்டு அகன்றது. 2014 மார்ச் மாதம் இந்தியாவுக்கு அந்நற்சான்று கிடைத்தது.

இனி நம் கடமைக்கு வருவோம். ஓதிப் பார்ப்பது ஸுன்னத்; அது மருத்துவமனைக்குச் செல்வதைத் தடுக்காது. கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, இறைவிதியிலிருந்து தப்பி ஓடுகிறீரா என்று கேட்கப்பட்டது. இறைவிதியிலிருந்து இறைவிதியை நோக்கியே செல்வதாக அவர்கள் விடையளித்தார்கள். எக்ஸ்ரே அறைக்குள் குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாயும் அவ்வாறே செல்கிறாள்.

மத்ரஸா நடத்துவோரும் இதில் கவனம் செலுத்த வேண்டும். ஹிஃப்ள் மாணவன் ஃபஜ்ருக்கு முன் எழுந்து இஷாவுக்குப் பின் உறங்கும் வரை பகலின் பெரும்பகுதி கூரையின் கீழ் கழிகிறது. அதிகாலை வெயிலில் எலும்புக்கு உதவும் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு; சாளரக் கண்ணாடியோ அதைத் தடுத்துவிடும். முற்பகலில் சிறிது நேரம் திறந்த வெளியில் விளையாட விடுவது பாடத்துக்கு இடையூறு ஆகாது. உணவில் பாலும் கேழ்வரகும் இடம்பெற வேண்டும். பெண்கள் மத்ரஸாக்களில் மொட்டைமாடியைச் சுற்றி மறைப்புக் கட்டினால் போதும். கைக்குழந்தைகளுக்கு வைட்டமின் டி சொட்டு மருந்தைக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். அதைத் தவறாமல் கொடுக்க வேண்டும். ஜமாஅத்துகள் தங்கள் பைத்துல்மாலில் இருந்து ஏழைக் குழந்தையின் பரிசோதனைச் செலவை ஏற்பது ஸதகாவின் சிறந்த வகைகளுள் ஒன்று.

குழந்தைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதங்கள். வலிப்பதைக்கூடச் சொல்லத் தெரியாத வயதில் அவர்களுக்காகப் பார்க்க வேண்டிய கண் நம்முடையதே. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நலமான உடலையும், நமக்கு அந்த அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.